கேள்வி – பதில்: பச்சை விளக்கு எரிகிறது, முடிவைக் காணோம்

எங்கள் 40 படுக்கை மருத்துவமனையில் ஆய்வக மென்பொருளையும் மருத்துவமனை மென்பொருளையும் எச்எல்7 (மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் பொது வடிவம்) வழியாக இணைத்திருக்கிறோம். ஆய்வகத் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று பச்சை விழுகிறது. வார்டில் முடிவு வரவில்லை என்கிறார்கள். மென்பொருள் நிறுவனத்தார் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். எங்கிருந்து தேடுவது?
– ஆய்வகப் பொறுப்பாளர், கும்பகோணம்

அந்தப் பச்சைக்கு என்ன பொருள் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். சில மென்பொருள்கள் செய்தியைக் கம்பியில் தள்ளியதுமே பச்சை காட்டிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒப்புகை வந்த பிறகு காட்டுவதுதான் முறை. ஒப்புகையின் எம்எஸ்ஏ வரியில் முதல் புலம் ஏஏ என்றால் ஏற்றது, ஏஇ என்றால் பிழை, ஏஆர் என்றால் மறுத்தது. இரண்டாம் புலத்தில், நீங்கள் எம்எஸ்எச்-10இல் (எம்எஸ்எச் என்ற தலைப்பு வரியின் 10ஆம் புலத்தில்) அனுப்பிய செய்தி எண் அப்படியே திரும்பி வரும். காணாமல் போன ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை இரண்டு பக்கப் பதிவேடுகளிலும் தேடச் சொல்லுங்கள். கைகாட்டும் வேலை அங்கேயே பாதி அடங்கிவிடும்.

ஒப்புகையே வரவில்லையா? ஐபி முகவரி, போர்ட், ஃபயர்வால் மூன்றையும் பார்த்துவிட்டுச் செய்தியின் உறையைப் பாருங்கள். எச்எல்7 செய்தி, எண் 11 என்ற, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்தில் தொடங்கி 28, 13 என்ற இரண்டில் முடிய வேண்டும். உள்ளே ஒவ்வொரு வரியும் 13இல் முடிய வேண்டும். யாராவது மாதிரிச் செய்தியை எடிட்டரில் திறந்து சேமித்திருந்தால், 13 இருக்கும் இடத்தில் 10 வந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வாங்கும் மென்பொருளுக்கோ முழுச் செய்தியும் ஒரே வரியாகத் தெரியும், அதில் முடிவு இருக்கும் ஓபிஎக்ஸ் வரி இருக்காது. இதற்கும் ஏஏ அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு.

ஏஇ அல்லது ஏஆர் வந்தால் எம்எஸ்எச் வரியிலேயே காரணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். எம்எஸ்எச்-5, 6இல் உள்ள பெறுநர் பெயர் பொருந்தவில்லை, அல்லது சோதனைக் காலத்தில் எம்எஸ்எச்-11இல் 'டி' என்று வைத்ததை, நேரடிப் பயன்பாட்டுக்கான 'பி' என மாற்ற மறந்துவிட்டார்கள், அல்லது ஒருவர் 2.3 பதிப்பும் மற்றவர் 2.5.1 பதிப்பும் பேசுகிறார்கள்.

ஏஏ வந்தும் வார்டில் இல்லை என்றால், பெரும்பாலும் முடிவு வந்துவிட்டது, எந்த நோயாளிக்கு என்று தெரியாமல் நிற்கிறது. மருத்துவமனை மென்பொருளில் 'பொருந்தாதவை' போன்ற பட்டியல் ஒன்று ஒளிந்திருக்கும், கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள். ஓபிஆர்-2இல் வர வேண்டிய ஆர்டர் எண் காலியாக இருக்கும். இல்லையென்றால் பிஐடி-3இல் 004512 என்ற நோயாளி எண் வழியில் எங்கோ முன்சுழிகளை இழந்து 4512 ஆகியிருக்கும். எக்செல் தொட்ட எண்களுக்கு இந்த நோய் சகஜம். ஓபிஎக்ஸ்-11ஐயும் பாருங்கள். அதில் 'பி' இருந்தால் தற்காலிக முடிவு, 'எஃப்' இருந்தால் இறுதி முடிவு. இறுதி முடிவை மட்டும் காட்டும்படி வார்டுத் திரை அமைக்கப்பட்டிருக்கலாம்.

காலை நேரத்தில் மட்டும் இந்தத் தொல்லை என்றால், செய்திகள் காத்திருக்கும் வரிசையில் சந்தேகம் கொள்ளுங்கள். ஒரு பழுதான செய்தி முன்னால் மாட்டிக்கொண்டால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். அதற்காகப் 'பிழையானதைத் தாண்டிப் போ' என்று கண்ணை மூடிக்கொண்டு அமைத்துவிடாதீர்கள். தாண்டியதை ஒதுக்கி வைத்து ஒருவருக்கு எச்சரிக்கை போனால் மட்டுமே அது பாதுகாப்பு.

மென்பொருள் நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள்: பொட்டாசியம் 6.8 என்று இறுதி முடிவு அனுப்பிவிட்டு, 4.1 என்று திருத்தி மீண்டும் அனுப்புங்கள். திருத்தம் ஓபிஎக்ஸ்-11இல் 'சி' என்று போகும். வார்டுத் திரையில் 4.1 வந்து, பழையது திருத்தப்பட்டதென்றும் தெரிய வேண்டும். இரண்டும் அருகருகே நின்றாலோ, 6.8 மட்டும் நின்றாலோ இணைப்பை ஏற்காதீர்கள்.

இரண்டு கிளைகளின் ஆய்வக முடிவுகளை ஒரே வரைபடத்தில் காட்டினால் பிளேட்லெட் 2.1 என்றும் 210 என்றும் மாறி மாறி வருகிறது. நோயாளி ஒருவரேதான்!
– மென்பொருள் உருவாக்குநர், மதுரை

நோயாளியும் ஒருவர், இரத்தமும் ஒன்று. ஒரு கிளை லட்சத்தில் எழுதுகிறது, மற்றது கருவி தருகிறபடி ஆயிரத்தில் எழுதுகிறது. இரண்டுமே கன மில்லிமீட்டருக்கு 2,10,000தான். டெங்கு காலத்தில் இப்படி வரைபடம் போட்டால் மருத்துவர் பதறிவிடுவார்.

மதிப்பைப் பார்த்து அலகை ஊகிக்கும் நிரல் எழுதாதீர்கள். 'பத்துக்குக் கீழே இருந்தால் லட்சம்' என்று எழுதினால், உண்மையிலேயே 8,000க்கு இறங்கிய நோயாளி எட்டு லட்சம் ஆகிவிடுவார். ஓபிஎக்ஸ்-6இல் அலகு கட்டாயம், அது காலியாக இருந்தால் முடிவை நிறுத்திவையுங்கள். அலகுகளை யூசியூஎம் (UCUM) என்ற பொதுக் குறியீட்டில் எழுதச் சொல்லுங்கள். மாற்றும் கணக்கை அனுப்பும் பக்கத்தில் ஒரே இடத்தில் வையுங்கள். குளுக்கோஸை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்பதிலிருந்து லிட்டருக்கு மில்லிமோல் என்று மாற்ற 18ஆல் வகுக்க வேண்டும். கிரியேட்டினினை அதே போல லிட்டருக்கு மைக்ரோமோலாக்க 88.4ஆல் பெருக்க வேண்டும். இயல்பு வரம்பு இருக்கும் ஓபிஎக்ஸ்-7ஐயும் கூடவே மாற்றாவிட்டால் எல்லோரும் நோயாளியாகிவிடுவார்கள்.

பரிசோதனைப் பெயருக்கும் இதே கதி. 'எஃப்பிஎஸ்', 'வெறும் வயிற்றுச் சர்க்கரை', 'குளுக்கோஸ்-எஃப்' மூன்றும் ஒன்று என்று கணினிக்குச் சொல்ல லாயின்க் குறியீடு இருக்கிறது: வெறும் வயிற்றுக் குளுக்கோஸ் 1558-6, ஹீமோகுளோபின் 718-7, கிரியேட்டினின் 2160-0. பட்டியல் முழுவதையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், அதிகம் போகும் 100 பரிசோதனைகளில் தொடங்குங்கள். பொருத்துகிற வேலையை ஆய்வக நிபுணர் பார்க்கட்டும், பெயர் ஒற்றுமையை வைத்து நிரலாளர் செய்ய வேண்டாம்.

'<0.01' போன்ற முடிவுகள் எண் வகையில் போனால் பிழையாகும், அல்லது '<' உதிர்ந்து 0.01 ஆகும். ஓபிஎக்ஸ்-2இல் வகையை 'எஸ்என்' (குறியோடு சேர்ந்த எண்) என்று கொடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, அந்தக் கட்டத்தில் என்ன போடுவது? ஒரே ஆளுக்கு நான்கு பதிவுகள் விழுகின்றன.
– மருத்துவப் பதிவேட்டுத் துறை, திருநெல்வேலி

தலையெழுத்தைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் திணிப்பதில்தான் வினை தொடங்குகிறது. ஒருவர் 'கே. முருகன்' என்பார், இன்னொருவர் 'முருகன் கே' என்பார், ஆதாரில் 'முருகன் கந்தசாமி' என்றிருக்கும். திருமணத்துக்குப் பின் பெண்களின் தலையெழுத்து மாறுவதும் உண்டு. எச்எல்7இன் புதிய தலைமுறையான ஃபயர் (FHIR) தரத்தில் பெயருக்கு 'டெக்ஸ்ட்' என்ற முழுப்பெயர்ப் புலம் இருக்கிறது. நோயாளி சொல்கிற வடிவத்தை அதில் முழுதாக வையுங்கள். குடும்பப் பெயர் இல்லாவிட்டால் அதைக் காலியாக விடலாம். புள்ளியோ கோடோ போட்டு நிரப்ப வேண்டாம்.

தமிழிலேயே பெயர் அனுப்புவதானால் எம்எஸ்எச்-18இல் யூனிகோட் யூடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் டைகாம் தரத்தில் அதற்கு ஐஎஸ்ஓ ஐஆர் 192 என்று பெயர். பெயர் கேள்விக்குறிகளாக வந்தால் வழியில் ஏதோ ஒரு கருவி பழைய எழுத்துமுறையில் இருக்கிறது. அந்தக் கருவிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள்.

பிறந்த தேதி இன்னொரு பொறி. 'வயது 60' என்று மட்டும் பதிந்தால் பல மென்பொருள்கள் ஜனவரி 1 என்று ஒரு தேதியை உண்டாக்கிக்கொள்ளும். நாளும் மாதமும் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் அனுப்பலாம், எச்எல்7, ஃபயர் இரண்டுமே அதை ஏற்கும். கைபேசி எண் ஒத்துப்போனதால் ஒருவரே என்று முடிவு கட்டாதீர்கள், வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே எண் இருக்கும். சந்தேகப் பொருத்தங்களைக் கணினி பட்டியலிடட்டும், இணைப்பதை ஆள் செய்யட்டும். இணைத்ததும், இரண்டு பதிவுகள் ஒன்றாயின என்று அறிவிக்கும் ஏடிடி ஏ40 செய்தி மற்ற மென்பொருள்களுக்குப் போகிறதா என்று பாருங்கள். அது போகாவிட்டால் பழைய எண்ணுக்கு அங்கே முடிவுகள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

புது எக்ஸ்ரே இயந்திரத்தில் 'எக்கோ' சோதனை வெற்றி என்கிறது, படம் மட்டும் சர்வருக்குப் போகவில்லை.
– ரேடியோகிராஃபர், காரைக்குடி

எக்கோ சோதனை, இரு பக்கமும் பேச முடிகிறது என்று மட்டுமே சொல்லும். அந்த வகைப் படத்தை, அந்த வகைச் சுருக்கத்தில் சர்வர் ஏற்குமா என்பது வேறு. சுருக்கப்படாத வடிவத்தில் ஒரு படம் அனுப்பிப் பாருங்கள். ஏஇ டைட்டில் (டைகாமில் ஒவ்வொரு கருவிக்கும் வைக்கும் பெயர்) 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு.

ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) எடுத்தால் என் மருத்துவப் பதிவெல்லாம் அரசுக் கணினிக்குப் போய்விடுமா?
– வாசகி, புதுச்சேரி

உங்கள் ஊர் இதில் மூத்தது. 2020இல் இந்த டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் சோதனை தொடங்கிய ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. நாடு முழுவதும் விரிந்தது 2021 செப்டம்பரில்.

14 இலக்க ஆபா எண் ஓர் அடையாளம் மட்டுமே. பதிவுகள் அவற்றை உருவாக்கிய மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் கேட்டால் உங்கள் செயலிக்குக் கோரிக்கை வரும்: எதற்காக, எந்த வகைப் பதிவுகள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எப்போது அழிக்க வேண்டும். நீங்கள் சம்மதித்தால் பதிவு மறைகுறியாக்கப்பட்டு அவருக்குப் போகும். நடுவில் சம்மதத்தைக் கையாளும் அமைப்பால் அதைப் படிக்க முடியாது. தேதி வரம்பை நீங்களே குறுக்கலாம். மூட்டு வலிக்குப் போனவர் பத்து ஆண்டுப் பதிவைத் திறந்துவிட வேண்டியதில்லை. சம்மதத்தைப் பின்னால் திரும்பப் பெறலாம். ஆனால் அவர் அதற்குள் அச்செடுத்த தாளை எந்த மென்பொருளும் திரும்ப வாங்காது.

ஆபா எண் தருகிற இந்த டிஜிட்டல் மிஷனோடு எங்கள் கிளினிக் மென்பொருளை இணைக்கிறோம். அதன் கேட்வேக்கு (கோரிக்கைகளைக் கைமாற்றும் நடு சர்வர்) அனுப்பினால் 'ஏற்றோம்' என்கிறது, பதிலைக் காணோம்.
– நிரலாளர், கோயம்புத்தூர்

பதில் அந்த அழைப்பிலேயே வராது. அங்கே வரும் 202 என்ற குறி கோரிக்கை கிடைத்தது என்பதற்கு மட்டும். உண்மையான பதில், நீங்கள் பதிந்துவைத்த முகவரிக்குத் தனியாக வரும். அந்த முகவரி இணையத்திலிருந்து எச்டிடிபிஎஸ் வழியாகத் திறக்க வேண்டும். கிளினிக் ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு அது எப்படி வரும்? நேர முத்திரையையும் பாருங்கள். அது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் போக வேண்டும். இந்திய நேரத்தை அப்படியே அனுப்பினால் 5 மணி 30 நிமிடம் முன்னால் நிற்பீர்கள், கோரிக்கை மறுக்கப்படும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை ஃபயர் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்ப அனுமதி உண்டு. அதற்காகக் கோப்பை பேஸ்64 என்ற எழுத்து வடிவம் ஆக்கும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், 6 எம்பி கோப்பு 8 எம்பி ஆகும். எனவே 200 டிபிஐ கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யுங்கள். மருந்துச் சீட்டையாவது புலம் புலமாக அனுப்பப் பாருங்கள், பிடிஎஃப்புக்குள் இருக்கும் ஒவ்வாமையை எதிர்ப்பக்க மென்பொருள் படித்து எச்சரிக்காது.