வெள்ளைப் பூவில் சிவப்புச் சாயம்: நூல் விற்றவர் பொறுப்பா?

கேள்வி: கையால் சாயமிட்ட கம்பளி நூலை இணையத்தில் வாங்கினேன். அடர் சிவப்பு, வெள்ளை இரண்டும் ஒரே விற்பனையாளரிடம்தான். ஒரே வரிசையில் இரு நிறங்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, பூ வேலைப்பாட்டோடு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். பல மாத வேலை. முடித்து, வடிவம் படிவதற்காகத் தண்ணீரில் நனைத்ததுமே சிவப்பு இறங்கி வெள்ளைப் பூக்கள் எல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. "கையால் சாயமிட்ட நூலில் நிற வேறுபாடு இருக்கும், திருப்பி எடுக்க மாட்டோம் என்று முன்பே போட்டிருக்கிறோம். பின்னிவிட்ட நூலுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார் விற்றவர். படத்தோடு விமர்சனம் எழுதுவேன் என்றால், மானநஷ்ட வழக்குப் போடுவாராம். நான் என்ன செய்யலாம்? - ஒரு வாசகி

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அந்த ஸ்வெட்டரை மறுபடி தண்ணீரில் போடாதீர்கள். வினிகரோ சிட்ரிக் அமிலமோ விட்டுச் சூடாக்கினால் சாயம் நின்றுவிடும் என்று பின்னுகிறவர்கள் சொல்வார்கள். அந்த யோசனையில் தவறில்லை. ஆனால் அதைச் செய்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரு முக்கியச் சாட்சியத்தை நீங்களே கலைத்துவிடுவீர்கள். மிச்சமுள்ள சிவப்பு நூல், அதன் லேபிள், வந்த உறை, பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வையுங்கள். பின்னாத அந்த மிச்ச நூல்தான் வழக்கில் ஸ்வெட்டரைவிடப் பெரிய சாட்சி.

இப்போது அவர் காட்டும் நிபந்தனைக்கு வருவோம். கையால் சாயமிட்ட நூலில் ஒரு கண்டு போல இன்னொரு கண்டு இருக்காது. ஒரே பானையில் வெந்த இரண்டிலும்கூட ஓர் இடம் அடர்த்தியாகவும் ஓர் இடம் வெளுப்பாகவும் இருக்கும். அந்த அழகுக்காகத்தான் வாங்குகிறோம். "நிற வேறுபாடு இருக்கும்" என்ற வரி இதைத்தான் சொல்கிறது. ஸ்வெட்டரின் முன்பக்கம் ஒரு சிவப்பு, கைப்பகுதியில் ஒரு சிவப்பு என்று நீங்கள் புகார் சொல்லியிருந்தால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

உங்கள் புகார் அதுவல்ல, சாயம் நிற்கவில்லை என்பது. கம்பளிக்குப் பெரும்பாலும் போடுவது அமிலச் சாயம். அமிலமும் சூடும் போதிய நேரம் கிடைத்தால் அது இழையோடு பிணைந்துகொள்ளும். ஒட்டாமல் மீந்த சாயத்தைத் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசி எடுக்க வேண்டும். இதில் குறை வைத்தால் அது வேலையின் குறை. கைவேலையின் தன்மை என்று அதற்குப் பெயர் சூட்ட முடியாது. தரத்தில் உள்ள குறைபாடு எதுவானாலும், ஒப்பந்தம் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ எதிர்பார்க்கும் தரம் இல்லையென்றாலும், அது பொருளின் குறைதான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10). குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. அதனால் "திருப்பி எடுக்க மாட்டோம்" என்று எழுதிப் போட்டுவிட்டதாலேயே அவர் தப்பிவிட முடியாது.

பின்னிய பிறகு பொறுப்பில்லை என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பொருள் விற்பனைச் சட்டம் 1930-இன்படி, ஏற்றுக்கொண்டுவிட்ட பொருளை வேண்டாம் என்று நிராகரிக்கும் உரிமை போய்விடும். வெட்டி, கோத்து, பின்னிய நூல் ஏற்றுக்கொண்ட நூல்தான். ஆனால் இழப்பீடு கேட்கும் உரிமை பிரிவு 59-இன் கீழ் அப்படியே இருக்கிறது. நூலைப் பின்னத்தானே விற்கிறார்!

உங்களைச் சங்கடப்படுத்தும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூன்று விஷயங்களைக் கேட்பார். "முதல் சில தடவை தனியாக அலசவும்" என்றோ "வெளிர் நிறத்தோடு சேர்க்கும் முன் சோதிக்கவும்" என்றோ லேபிளில் இருந்ததா? பின்னும்போதே விரலில் சிவப்பு ஒட்டியதா? மாதிரித் துண்டு பின்னி நனைத்துப் பார்த்தீர்களா? அடர் சிவப்பு முதல் அலசலில் கொஞ்சம் சாயம் விடுவது சகஜம் என்பதும் அவர் கையில் இருக்கும் வாதம்தான். லேபிளிலோ விற்பனைப் பக்கத்திலோ அப்படி எச்சரிக்கை தெளிவாக இருந்திருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். நான் தொடுக்கச் சொல்ல மாட்டேன். எச்சரிக்கை இல்லை என்றால், மாதிரித் துண்டு பின்னாதது மட்டும் உங்களைத் தோற்கடிக்காது. கண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாயம் நிற்குமா என்று தெரியாது, அப்படித் தெரியாத குறைக்கு வாங்கியவரைச் சட்டம் பொறுப்பாக்குவதில்லை. விரலில் ஒட்டியிருந்தால் மட்டும் அதை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

சரி, எப்படிப் போவது? முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள். விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அலுவலருக்கும் சேர்த்து அனுப்புங்கள்; மின்வணிக விதிகள் 2020-இன்படி அவர் 48 மணி நேரத்தில் பெற்றதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் இங்கேயே சமாதானம் ஆகிவிடும். ஆகாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

அங்கேதான் மிச்ச நூல் பேசும். பார்த்த மாத்திரத்தில் தீர்மானிக்க முடியாத குறை என்றால், ஆணையம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். சாய உறுதியை ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைத்துப் பார்த்து, வெள்ளையில் எவ்வளவு கறை படிந்தது என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். நூலின் விலையை யோசித்துப் பார்த்துவிட்டு இந்தப் படிக்குப் போங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? சிவப்பு நூலின் விலை நிச்சயம். கெட்டுப்போன வெள்ளை நூலின் விலையும் கேட்கலாம். பல வண்ணப் பின்னலுக்கு என்று சொல்லி வாங்கியிருந்தால், அந்தச் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட் உங்கள் கையை வெகுவாக பலப்படுத்தும். மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னிய உழைப்புக்கு மணிக்கணக்குப் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மன உளைச்சலுக்கான இழப்பீட்டில் அதை விவரமாக எழுதுங்கள், நியாயமான தொகை கிடைக்க வாய்ப்புண்டு. விற்பதற்காகப் பின்னியிருந்தால் நீங்கள் நுகர்வோர்தானா என்ற கேள்வி எழும். பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டினால் மட்டுமே அப்போது இந்தச் சட்டம் உதவும்.

மானநஷ்ட மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். உண்மையைப் பொது நன்மைக்காகச் சொல்வதும், தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356-இன் விலக்குகளில் வருகின்றன. என்ன வாங்கினீர்கள், எப்படி நனைத்தீர்கள், என்ன ஆனது, அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதி, நனைக்கும் முன்னும் நனைத்த பின்னும் எடுத்த படங்களைப் போடுங்கள். "ஏமாற்றுக்காரர்", "போலி" போன்ற சொற்கள் வேண்டாம். அவற்றை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வழக்குப் போடுவதாக இருந்தால், நோட்டீஸ் போய்ச் சேர்ந்து பதிலுக்கான கெடு முடியும்வரை விமர்சனத்தைத் தள்ளிப்போடுங்கள்.