ரவுட்டரை மாற்றியும் நெட் விட்டு விட்டுப் போகிறது, அடுத்து எதைப் பார்ப்பது?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: நீடாமங்கலம் பக்கம் கிராமத்து வீடு, ஃபைபர் இணைப்பு, வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாளில் பல தடவை நெட் போகிறது, சில நிமிடத்தில் தானாக வந்துவிடுகிறது. ரவுட்டரை மாற்றியும் தீரவில்லை. நெட்காரர் வந்து பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

புது ரவுட்டரிலும் அதே கதை என்றால் ரவுட்டர் மேல் பழி போடுவதை நிறுத்திவிடலாம். எனக்குத் தொழிலே இதுதான். மன்னார்குடியிலிருந்து சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறேன். இந்த மாதிரி விட்டு விட்டுப் போகிறது என்று கூப்பிடுகிற வீடுகளில் ரவுட்டரே கெட்டுப்போயிருப்பது குறைவு. ஒன்று கரண்ட், இல்லையென்றால் வீட்டுக்கு வரும் ஃபைபர். இரண்டில் எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நெட் போகும் ஒவ்வொரு தடவையும் மணி என்ன, பெட்டியில் (ரவுட்டர், அல்லது ஃபைபர் வந்து முடியும் ஓ.என்.டி.) எந்த லைட் எப்படி எரிகிறது, அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். ஃபேன் ஒரு நொடி தளர்ந்ததா, இன்வெர்ட்டர் ‘டிக்’ என்றதா, மழை பிடித்ததா, காற்று அடித்ததா, பக்கத்தில் யாராவது மோட்டார் போட்டார்களா. ஒன்றும் இல்லை என்றால் ‘ஒன்றும் இல்லை’ என்றே எழுதுங்கள், அதுவும் தகவல்தான். ஒரு வாரம் எழுதினாலே போதும், எந்தெந்த நேரத்தில் போகிறது என்பது தெரிய ஆரம்பித்துவிடும்.

கூடவே இன்னொன்று. நெட் திரும்பி வந்ததும் பிரவுசரில் 192.168.1.1 போட்டு உள்ளே போங்கள் (உங்கள் பெட்டிக்கு வேறு முகவரி என்றால் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும்). அங்கே ‘அப்டைம்’ என்று ஒரு வரி இருக்கும். பெட்டி எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்பதுதான் அது. இரண்டு நிமிடம் என்று காட்டினால் பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது, கரண்ட் பக்கம் பாருங்கள். மூன்று நாள் என்று காட்டினால் பெட்டி அணையவே இல்லை, ஃபைபர் பக்கம் பாருங்கள். ஓ.என்.டி. தனி, ரவுட்டர் தனி என்று வைத்திருந்தால் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

முதலில் கரண்ட். குறுவைக்கு நாற்று விடும் காலத்தில், வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னால், நம் பக்கம் போர் மோட்டாரை நம்பித்தான் வேலை நடக்கிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறப்பு தள்ளிப்போகும் வருஷத்தில் மோட்டார் ஓட்டம் இன்னும் அதிகம். மும்முனை மின்சாரம் வந்ததும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் மோட்டார்கள் அடுத்தடுத்துக் கிளம்பும். கிளம்புகிற அந்த நொடியில் ஒவ்வொன்றும் வழக்கமாக இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170, 180 என்று இறங்கிவிடும்.

அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறதே, 170 என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். 170-லும் அது ஓடும், அது சரி. ஆனால் அடாப்டருக்குள் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. கரண்ட் ஒரு கண நேரம் விட்டுப்போனால் அதில் சேர்ந்திருப்பதுதான் பெட்டியைத் தாங்கிப் பிடிக்கிறது. அதில் சேரும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது 230-ல் இருக்கும் இருப்பில் ஏறக்குறைய பாதிதான் 170-ல் இருக்கும். பழைய அடாப்டர் என்றால் வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து கெபாசிட்டரும் காய்ந்து போயிருக்கும். இந்த நிலையில் இன்வெர்ட்டர் லைனிலிருந்து பேட்டரிக்கு மாறுகிறது. மாறும்போது மில்லி செகண்ட் கணக்கில் ஓர் இடைவெளி விழும். ஃபேன் அதைக் கண்டுகொள்ளாது. பெட்டி அணைந்துவிடும். அணைந்த பெட்டி எழுந்து, கம்பெனியின் கருவியோடு மறுபடி பேசி, நெட் வருவதற்குச் சில நிமிடம் ஆகிவிடும். கரண்ட் போகவே இல்லையே, நெட் மட்டும் ஏன் போனது என்று எல்லோரும் குழம்புவது இங்கேதான்.

பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். என்றும் சாதாரணம் என்றும் இரண்டு நிலை இருக்கும், பெரும்பாலும் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச். யு.பி.எஸ். நிலையில் வேகமாக மாறும், ஆனால் வோல்டேஜ் 180 சுமாருக்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். சாயங்காலம் 180-ஐ ஒட்டியே ஆடிக்கொண்டிருக்கும் ஊரில் அது பேட்டரிக்கும் லைனுக்குமாக மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். சாதாரண நிலையில் இன்னும் கீழே இறங்கும் வரை லைனிலேயே நிற்கும், ஆனால் மாறும்போது மெதுவாக மாறும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை இரண்டிலும் சில நாள் விட்டு நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நிரந்தரத் தீர்வு, ரவுட்டருக்கென்றே விற்கிற சின்ன டி.சி. யு.பி.எஸ். அது பெட்டிக்கும் கரண்ட்டுக்கும் நடுவில் பேட்டரியோடு உட்கார்ந்திருப்பதால் மேலே எத்தனை தடவை மாறினாலும் பெட்டிக்குத் தெரியாது. வாங்கும் முன் உங்கள் பெட்டி 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று ஸ்டிக்கரில் பாருங்கள். வோல்ட் அச்சாக அதுவே இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும்.

நீங்கள் ரவுட்டரை மாற்றினீர்கள், சரி. ஓ.என்.டி.யின் அடாப்டர் பழையதுதானே? அதை முதலில் மாற்றிப் பாருங்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 காட்டுகிறது என்பது கணக்கில் வராது. சுமை இல்லாதபோது செத்துக்கொண்டிருக்கும் அடாப்டரும் 12 காட்டும்.

கத்திரி வெயிலில் மத்தியானம் மட்டும் பெட்டி அணைந்து எழுந்தால் சூடு. ஷோகேஸ் கண்ணாடிக்குள்ளும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயும் வைத்திருக்கும் பெட்டியைக் காற்றாட இறக்கி வைத்தால் அத்தோடு தீரும்.

இனி ஃபைபர். எல்.ஓ.எஸ். என்ற லைட் சிவப்பாக மின்னினால் பெட்டிக்கு வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். ஆனால் சிவப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்டைம் பார்க்கப் பிரவுசரில் திறந்த அதே பக்கத்தில், ‘ஆப்டிகல்’ என்ற பகுதியில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று ஓர் எண் மைனஸில் இருக்கும், டி.பி.எம். கணக்கில். பெட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்பதுதான் அது. வழக்கமான ஜிபான் (வீட்டு ஃபைபரில் பொதுவாக இருக்கும் முறை) பெட்டிக்கு மைனஸ் 27 தான் எல்லை. மைனஸ் 18, 20, 22 எல்லாம் நிம்மதி. மைனஸ் 25, 26-ல் நின்றால் வண்டி விளிம்பில் ஓடுகிறது, காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும். எண் இன்னும் 3 கீழே போனால் (மைனஸ் 20 மைனஸ் 23 ஆனால்) வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடும்போது ஒரு தடவை, நெட் போனதும் உடனே ஒரு தடவை, போனில் படம் எடுத்து வையுங்கள். நெட் போனாலும் பெட்டியின் பக்கம் திறக்கும்.

இந்த எண் எப்படி ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கூத்தாநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் மருமகள் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. தினமும் அந்தி சாய்ந்ததும் நெட் தள்ளாடும், காலையில் சரியாகிவிடும். கம்பெனி ஆட்கள் பகலில் வந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போய்விடுவார்கள். பகலில் எண் மைனஸ் 21. நான் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில், கொசு வந்துவிடும் என்று அந்த வீட்டு அத்தை ஜன்னல்களை வரிசையாகச் சாத்திக்கொண்டே வந்தார். கூடத்து ஜன்னலைச் சாத்தி நாதாங்கி போட்டதும் எண் மைனஸ் 28. ஃபைபர் அந்த ஜன்னலின் கீழ் மூலை வழியாகத்தான் உள்ளே வந்திருந்தது. தேக்குக் கதவு சட்டத்தோடு வைத்து அதை அமுக்கியிருந்தது, பகலில் கதவு திறந்திருக்கும்போது அது தன் வளைவுக்குத் திரும்பிவிடும். சுவரில் ஓட்டை போட்டு ஒரு பி.வி.சி. குழாய் வைத்து அதன் வழியாகக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு அங்கே புகார் இல்லை.

உங்கள் வீட்டிலும் கம்பத்திலிருந்து பெட்டி வரை கண்ணால் பின்தொடர்ந்து போங்கள். தென்னை மரத்தில் கட்டியிருக்கிறார்களா? ஆடிக்காற்றில் மரம் ஆடினால் கம்பியும் இழுபடும். மட்டை விழும் இடத்தில் போகிறதா? சுவர் முனையில் நறுக்கென்று மடங்கியிருக்கிறதா? பெட்டிக்கு அருகில் வரும் முனையில் மெஷின் வைத்து ஒட்டாமல் கையால் மாட்டும் கனெக்டர் போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள், வெயிலிலும் இழுப்பிலும் அது தளரும். கனெக்டர் பச்சை என்றால் எதிரே செருகும் இடமும் பச்சையாக இருக்க வேண்டும். பச்சை சாய்வாகத் தேய்த்தது, நீலம் அப்படி இல்லை, கலந்து மாட்டினால் வெளிச்சம் வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால்தான் ஆபத்து.

அப்டைமும் சரி, எண்ணும் சரி, இருந்தும் போகிறது என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறது கோளாறு. லேப்டாப் திரையில் இரண்டு விண்டோவில் நிற்காத பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள், ஒன்று உங்கள் பெட்டியின் 192.168.1.1-க்கு, மற்றது வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8-க்கு. முதலாவதே விழுந்தால் வைஃபை. பழைய ஓட்டு வீட்டில் திண்ணைப் பக்கம் பெட்டி, முற்றம் தாண்டிப் பின்கட்டில் மேஜை என்றால் அந்தச் சுவர்களை வைஃபை தாண்டாது. வேலை மேஜைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். வேலைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது கேபிள்தான். இரண்டு பிங்கும் ஓடிக்கொண்டே பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) பிரச்சினை. நீங்கள் புது ரவுட்டரை ஓ.என்.டி.க்குப் பின்னால் மாட்டியிருந்தால், இரண்டும் டி.எச்.சி.பி. (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை) கொடுக்கிறதா, இரண்டுக்கும் ஒரே 192.168.1.1 முகவரியா என்றும் பாருங்கள். ஒரே முகவரி என்றால் ஒன்றை மாற்றியாக வேண்டும். வி.பி.என். மட்டும் தொங்குகிறது என்றால் ரவுட்டரில் எம்.டி.யு.வை (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அளவு) 1492-ஆக வைத்துப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் நெருங்கும் முன்பே அடாப்டரையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடிதானே என்று விடாதீர்கள், கம்பத்திலிருந்து வரும் கேபிளில் தாங்குவதற்கென்று இரும்புக் கம்பியும் கூடவே வரலாம்.

கடைசியாக, நெட்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் ஆள் அனுப்புகிறேன் என்பார்கள். நோட்டைப் பார்த்து ‘நேற்று இத்தனை மணிக்கு என் ஓ.என்.டி. போன காரணம் உங்கள் ஓ.எல்.டி.யில் என்ன என்று பதிவாகியிருக்கிறது?’ என்று கேளுங்கள். ஓ.எல்.டி. என்பது உங்கள் ஓ.என்.டி.யோடு பேசும் கம்பெனி பக்கத்துக் கருவி. கரண்ட் போய் அணையும் ஓ.என்.டி. சாகும் முன் ‘டையிங் காஸ்ப்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும், பெரும்பாலான பெட்டிகளில் இந்த வசதி உண்டு. அது பதிவாகியிருந்தால் உங்கள் வீட்டுக் கரண்ட், அடாப்டர். ‘எல்.ஓ.எஸ்.’ என்று இருந்தால் ஃபைபர், அதை அவர்கள்தான் சரி செய்து தர வேண்டும். உங்கள் படங்களையும் மணிக் கணக்கையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.