மூங்கில் கணுவிடைக்குள் இருக்கும் தவளை முட்டைகள்: தொட்டிக்கு மாற்றலாமா?

களக்காடு முண்டந்துறை மலைக்காட்டில், பச்சை நிறச் சிறு தவளையொன்று நாணல் மூங்கிலின் பிளவுக்குள் நுழைந்ததையும், உள்ளே நீரின்றிச் சில முட்டைகள் இருந்ததையும் கண்டு, அவை காய்ந்துவிடுமென அஞ்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள், நீரில் மூழ்கினால் அவை அழிந்துவிடும்.

உங்கள் விவரிப்பு ராவோர்கெஸ்டஸ் சலசோடஸ் என்னும் புதர்த்தவளையுடன் பெரிதும் பொருந்துகிறது. 1876இல் அறிவியலுக்கு விவரிக்கப்பட்டு, நூறாண்டுக்கும் மேலாகக் கண்ணில் படாமலிருந்து, மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011இல்தான் வெளியானது. இவ்வினத்தில் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுமையடைந்து, கால்களுடன் கூடிய குட்டித் தவளையாகவே வெளிவருகிறது. அதற்குத் தேவையான ஈரப்பதத்தை மூடிய கணுவிடையே, அதாவது மூங்கிலின் இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள உள்ளீடற்ற பகுதியே, காத்துத் தருகிறது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆண் தவளையாகவே இருக்கும், ஏனெனில் முட்டைகளுடன் தங்கிக் காவல் காப்பது அதுதான்.

கணுவிடையின் அடிப்பகுதியில், இரண்டரை சென்டிமீட்டர் உடல் நெருக்கி நுழையுமளவே உள்ள அந்தக் கீறலை, படம் எடுப்பதற்காகக்கூட அகலப்படுத்த வேண்டாம். எதிரிகள் எளிதில் உள்ளே புகாதிருப்பது அந்தக் குறுகலால்தான். மூங்கில் வெட்டப்படும் தடம் ஏதும் அருகில் தென்பட்டால், இடத்தைக் குறித்து வனத்துறையினரிடம் உடனே தெரிவியுங்கள்.