பழைய ஜீன்ஸில கூடை

கேள்வி: அக்கா, மகன்ட பழைய ஜீன்ஸிலயும் அம்மாட கொட்டன் சாரியிலயும் சாமான் போட ஒரு கூடை தைச்சன், நிக்குதில்ல, சரிஞ்சு விழுது. என்ன பிழை?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அடி மூலையைத் தைக்காம விட்டிருப்பீங்க தங்கச்சி. வெளிக்கு ஜீன்ஸ், உள்ளுக்கு சாரி, 30 சென்டிமீட்டர் சதுரமா ரெண்டு ரெண்டு துண்டு வெட்டி மூண்டு பக்கமும் தைச்சிட்டு, பக்கத் தையலும் அடித் தையலும் ஒண்டுக்கு மேல ஒண்டு வாற மாதிரி மூலையை முக்கோணமா அமத்திப் பிடிச்சு, நுனியில இருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி குறுக்கால ஒரு தையல் போடுங்கோ, 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு அடி வந்திடும், பிறகு வடிவா நிக்கும். ஜீன்ஸுக்கு 16ஆம் நம்பர் ஊசி, மெல்லிசு ஊசி உடையும். அம்மாட சாரித் தலைப்பை மட்டும் வெட்டாம எடுத்து வையுங்கோ.