கடைசி வரிசையில் முதல் நாள்

கேள்வி: ஆசிரியர் பயிற்சி மாணவியான நான் நாளை முதன்முறையாக ஒரு தொடக்க வகுப்பில் அமர்ந்து பாடத்தைக் கவனிக்க வேண்டும். எதைக் குறித்துக்கொள்வது?

பதில்: ஆசிரியர் சொல்வதையெல்லாம் எழுதித் தள்ளாதீர்கள், அது பாடக்குறிப்பிலேயே இருக்கும். கேள்வி கேட்டபின் அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுக்கிறார்கள் என்பதையும், அதை 3 விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்வதோடு வழக்கமாக வாய் திறக்காத குழந்தைகளும் பேச முன்வருகிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் எடுத்துக்காட்டினார். பிறகு, அழிப்பானை உருட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். கவனமில்லை என்று நீங்கள் முடிவுகட்டிய அதே குழந்தை, சரியான விடையை உதட்டுக்குள் முணுமுணுக்கக்கூடும். குறிப்பேட்டில் குழந்தைகளின் பெயர்களை எழுத வேண்டாம்.