கன்டெய்னர் கதவிலும் குரோஸ், நெத்திலி மீனிலும் குரோஸா?

கேள்வி: திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். எடை, சம்பளம் எல்லாவற்றுக்கும் ஆபீசில் 'கிராஸ்' என்போம். எட்டாவது படிக்கிற என் மகள், காசிமேட்டில் வாங்கி வந்த நெத்திலியை அவள் அம்மா தலை கிள்ளிக் குடல் எடுப்பதைப் பார்த்து, 'ஐயே, குரோஸ்!' என்கிறாள். இரண்டும் ஒரே வார்த்தையா? கெட்ட வார்த்தை என்றால் கண்டிக்க வேண்டும்.

பதில்: இரண்டும் 'gross' என்ற ஒரே ஆங்கில வார்த்தைதான், கெட்ட வார்த்தையும் இல்லை. உச்சரிப்பில் மகள் சொல்வதே சரி. மாத்திரை 'டோஸ்' மாதிரி ஓசை வர வேண்டும்.

கன்டெய்னரின் பின்கதவில் 'மேக்ஸ் குரோஸ் 30,480' கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலிப் பெட்டியின் எடை 'டேர்'. பெட்டியும் சரக்கும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதுதான் அந்த குரோஸ். சம்பளத்தில், பி.எஃப்., வரியெல்லாம் பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகை. சவுகார்பேட்டை பக்கம் பட்டன் மொத்தமாக வாங்கினால் ஒரு குரோஸ் 144. பிரெஞ்சில் 'பெரிய டஜன்' என்று சொன்னதிலிருந்து வந்த கணக்கு.

மூலம் பிற்கால லத்தீனின் 'குரோசஸ்': தடித்தது, சொரசொரப்பானது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. 'பெரியது' என்ற பொருள் 'மொத்தம்' என்று வளர்ந்தது. 'குரோசர்' என்பவரும் முதலில் மொத்த வியாபாரிதான். இன்றைக்கு மளிகைக்குச் சொல்கிற 'குரோசரி' அவர் வழி வந்தது. சொரசொரப்பு வேறு பக்கம் போய், முரட்டுத்தனம், நாகரிகக் குறைவு என்று ஆனது. நாமும் 'பேச்சு தடித்துவிட்டது' என்கிறோமே, அதே போக்கு. 16ஆம் நூற்றாண்டில் அப்பட்டமான தப்புக்கும் அதையே சொன்னார்கள். அருவருப்பு என்ற பொருள் ரொம்பப் புதுசு. 1950களின் கடைசியில் அமெரிக்க மாணவர்கள் பேச்சில் கிளம்பியது.

அதனால் நெத்திலிக் குடலுக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். அம்மா வைத்த குழம்பையோ ஒரு ஆளையோ பார்த்துச் சொன்னால் அது அவமதிப்பு, அங்கே கண்டியுங்கள். பரீட்சைக் கட்டுரையிலும் வேண்டாம், 'அன்பிளசன்ட்' போதும்.

அப்புறம், ஆபீஸ் மெமோவில் 'குரோஸ் மிஸ்கண்டக்ட்' என்று வந்தால் அருவருப்பு என்று படித்துவிடாதீர்கள். கடுமையான ஒழுங்கீனம் என்று அர்த்தம். வேலையே போகக்கூடிய விஷயம், உடனே எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும்.