ஃபேக்ஸ் மெஷினுக்கு இரண்டு வாசல்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு தொலைபேசி லைன்தான். பிராட்பேண்டும் அதிலேயே வருகிறது. அதில் ஃபேக்ஸ் மெஷின் ஒன்றை இணைக்க வேண்டும். கரண்ட் பிளக்குக்கு, திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்கிவிட்டேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கரண்ட் பக்கம் காவல் போட்டுவிட்டீர்கள், சரி. போன் லைன் பக்கம் திறந்தே கிடக்கிறதே! இடி மின்னலில் போகும் ஃபேக்ஸ் மெஷின்களில் பலவற்றுக்கு வினை அந்த வழியாகத்தான் வருகிறது. வெளியே நீண்ட தூரம் ஓடி வரும் செப்புக் கம்பி அது.

அதற்காகப் போன் லைனுக்குத் தனியாக இன்னொரு புரொடெக்டர் வாங்கி வேறு மூலையில் மாட்டிவிடாதீர்கள். மின்னல் விழும் நொடியில் இரண்டு புரொடெக்டர்களின் எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் மெஷின். கரண்ட், போன் இரண்டும் ஒரே பெட்டி வழியாகப் போய், ஒரே எர்த்தைப் பிடிக்கும் புரொடெக்டர்தான் வேண்டும். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் செருகினால் அந்தப் பெட்டியால் பெரிய பயன் இல்லை. எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். பக்கத்திலேயே மின்னல் விழுந்தால் எந்தப் பெட்டியும் உத்தரவாதம் இல்லை. வானம் இருட்டும்போதே இரண்டு வயரையும் பிடுங்கி வைப்பதுதான் என் கட்சி. இடி இடிக்க ஆரம்பித்த பிறகு அவற்றைத் தொடவே வேண்டாம்.

மாட்டும் வரிசையும் முக்கியம். லைன் வயரை முதலில் மெஷினில் செருகுங்கள், அப்புறம் சுவரில். கழற்றும்போது சுவரில் இருந்துதான் தொடங்க வேண்டும். லைன் சும்மா இருக்கும்போதே அதில் சுமார் 48 வோல்ட் டிசி நிற்கும். மணி அடித்தால் அதன்மேல் 90 வோல்ட் அளவுக்கு ஏசியும் ஏறும். அந்த நேரம் பார்த்து வயரின் மறுமுனை ஈரக்கையில் இருந்தால் நன்றாகவே உதறும்.

மெஷினின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். 'லைன்' என்று போட்டிருப்பது சுவருக்கு. 'எக்ஸ்ட்' அல்லது 'டெல்' என்று போட்டிருப்பதில் உங்கள் போனை மாட்டுங்கள். ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு ஃபேக்ஸையும் போனையும் பக்கம் பக்கமாக இணைத்தால், ஃபேக்ஸ் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது ரிசீவரை எடுத்தாலே பக்கம் பாதியில் அறுந்துவிடும்.

போன் கம்பியிலேயே பிராட்பேண்ட் (அதாவது டிஎஸ்எல்) வருவதால், அதன் சிக்னல் ஃபேக்ஸில் புகாமல் தடுக்க, சுவருக்கும் ஃபேக்ஸுக்கும் நடுவில் டிஎஸ்எல் ஃபில்டர் அவசியம். மோடத்துக்குப் போகும் வயரில் மட்டும் அது கூடாது. புரொடெக்டர் பெட்டி டிஎஸ்எல்லுக்கு ஏற்றதா என்பதையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் இணைய வேகம் படுத்துவிடலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அலுவலகத்தில் இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் இருந்தால் அதன் டிஜிட்டல் போர்ட்டில் ஃபேக்ஸைச் செருகிவிடாதீர்கள். பிளக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் மெஷினோ போர்ட்டோ கருகிவிடலாம். சாதாரண போன் மாட்டும் அனலாக் எக்ஸ்டென்ஷன் எது என்று எக்ஸ்சேஞ்சைப் பராமரிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியதும் ரிசீவரை எடுத்துக் கேளுங்கள். டயல் டோன் சுத்தமாக வந்தால் ஒரு பக்கம் அனுப்பிப் பார்க்கலாம். 'உஸ்ஸ்' என்று இரைந்தால் முதலில் ஃபில்டரைத்தான் பாருங்கள்.